கைக்கு வந்த கல்

எடுத்த கல்லை அந்த அக்கா கீழே வைக்க மாட்டார். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் எனக்கு அங்கேதான் தொடங்கத் தெரியும். குவியலிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்துவிட்டால் அது சுவரில்தான் போய் உட்கார வேண்டும். இங்கே பொருந்தவில்லையா, அங்கே. வெளிமுகத்துக்கு ஆகாதா, உள்வயிற்றுக்கு. ஒரு தடவை ஒரு கோணல் கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். பார்த்த எனக்கு இடுப்பு வலித்தது. அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள் லா என்றேன், எங்கள் மலேசியப் பேச்சில்.

"கைக்கு வந்துருச்சில்ல தம்பி. எடம் பாத்துக் குடுக்கணும்."

இடம் பார்த்துக் கொடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

நான் லாரி ஓட்டியவன். ஈப்போவைச் சுற்றிக் கல்லும் மணலும் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவியிடம் கேட்டால் அந்தக் 'கொஞ்சத்தை' அடித்துவிடச் சொல்வாள். அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இருந்தபோதே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லுக்கட்டு அக்கா என்றால் சிம்பாங் பூலாய் ஊரிலிருந்து பத்து காஜா ஊர் வரைக்கும் தெரியும். தோட்டக்காரச் சீனர்கள்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

முதலில் பார்த்தது அப்படி ஒரு சீனருடைய டுரியான் தோட்டத்தில்தான். மேட்டு நிலம். மழைக்கு மண் சரிகிறது, கல் வைத்துச் சுவர் எழுப்ப வேண்டும். நான் குவாரியில் நின்று, நல்ல கல்லாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில், பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டினேன். ஒரு சபாஷ் கிடைக்கும் என்று கதவில் சாய்ந்து நின்றேன். தலையில் துண்டும், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும், காலில் ரப்பர் பூட்ஸுமாக ஒரு அம்மா வந்து குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"யாரு தம்பி இத ஏத்துனது?"

நான்தான் என்றேன், மார்பை நிமிர்த்தி.

"எல்லாம் பெரியாளா இருந்தா சந்துல போய் யாரு உக்காருவா?"

சின்னக் கல் எல்லாம் குவாரியில் பள்ளத்தில் தள்ளுகிற குப்பை என்று விளக்கினேன். அந்தக் குப்பையைத்தான் கொண்டு வரச் சொன்னார். தேங்காய் அளவு, மாங்காய் அளவு, பாக்கு அளவு, எல்லாம் கலந்து. போகும்போதும் வரும்போதும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினேன். குப்பையைக் கொட்டிவிட்டு, அதை வைத்து என்னதான் கிழிக்கிறார் பார்ப்போம் என்று மரத்தடியில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கெட்டி மண் வரும்வரை தோண்டி, தூக்க முடியாத கற்களையெல்லாம் அடியில் புரட்டிப் போட்டிருந்தார். அதற்கு மேல் வைத்த கல் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் உள்ளே தள்ளி, குறுகிய முகத்தை மட்டும் வெளியே காட்டி வைத்தார். அகலமான பக்கத்தை வெளியே காட்டினால் பார்க்க நன்றாக இருக்குமே என்றேன். மூஞ்சி பெரிதாகவும் உடம்பு சின்னதாகவும் இருந்தால் கவிழ்ந்துவிடும் என்றார். இரண்டு கல் சேருகிற இடுக்குக்கு நேர் மேலே இன்னொரு இடுக்கு வர விடவில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு தடவை, முன்னாலிருந்து பின்னால் மண்ணுக்குள் போகிற மாதிரி ஒரு நீளக் கல். சுவரே மேட்டின் மேல் சற்றுச் சாய்ந்துகொண்டு எழும்பியது. சிமெண்டு ஒரு கரண்டி கிடையாது.

அந்தக் குப்பை எங்கே போனது என்றால், உள்ளே. பெரிய கற்களுக்குப் பின்னால் இருந்த பொந்துகளில் சின்னதை ஒவ்வொன்றாகக் கையால் செருகினார். நான் உதவி செய்கிறேன் என்று மண்வெட்டியால் ஒரு வாரு வாரிக் கொட்டினேன். அவ்வளவையும் வெளியே எடுக்க வைத்தார். கொட்டினால் அது வெறுமனே கிடக்கும், வைத்தால்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து செருகினார். எனக்கு வந்த கோபத்தில் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் யாரும் கூப்பிடாமலே திரும்பிப் போனேன்.

அதற்கப்புறம் அவருக்குக் கல் ஏற்றுவது நான்தான் என்று ஆகிவிட்டது.

கல்லில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் இல்லை. மெங்லெம்பு மார்க்கெட்டில் ஒரு நாள் கூடவே போனேன். கத்திரிக்காய்க் குவியலில் ஒன்றை எடுத்தார். பார்த்தால் பூச்சி ஓட்டை. அதைப் போட்டுவிட்டு வேறு எடுப்பதுதானே உலக வழக்கம். அதையும் கூடையில் போட்டார். காய்க்காரி அவரைத் தெரிந்து வைத்திருக்கிறாள். அழுகியதாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே கொடுக்கிறாள். அன்றைக்கு அந்தக் காய்க்காரியோடு நான் போட்ட சண்டையில் பக்கத்து மீன் கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தான். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஓட்டையை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் காய்தானே என்றார்.

முனியாண்டியும் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தான். என் லாரியில் கல் இறக்க வந்தவன். ஆலையில் மெஷினில் சிக்கி இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். ஒரு வாரம் பார்த்தேன், சரிப்படவில்லை, நின்றுகொள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன இடம் அக்காவின் சுவருக்குப் பக்கத்தில். அடுத்த லோடு கொண்டு போனபோது அவன் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பொந்துகளில் பாக்குக் கல் செருகிக்கொண்டிருந்தான். நம் கை போகாத சந்தில் அவன் இரண்டு விரல் போகிறது என்று அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மழை விட்டதும் கட்டிய சுவரைப் போய்ப் பார்க்கிற பழக்கம் ஒன்று அவருக்கு இருந்தது. என் லாரியில் ஏறிக்கொண்டு, அங்கே விடு இங்கே விடு என்று பழைய சுவரையெல்லாம் பார்த்து வருவார். மழைக்குப் பின் அந்தச் சுவர்களின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து சொட்டும். "வேர்க்குது பாரு" என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வேர்த்தால் சுவர் நல்லபடியாக மூச்சு விடுகிறதாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்ப்பவர்கள் அப்படித்தான் கையை வைப்பார்கள்.

அப்படி ஒரு மழை நாளில், லாரியில் வரும்போதுதான் சொன்னார்.

"ஒங்கம்மா பக்கத்துலதான் தம்பி எம் பொண்ணும் கெடக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அம்மாவும் அவரும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. நான் சின்ன வயதிலேயே ஈப்போவுக்கு ஓடி வந்தவன். கால்வாய்க்கும் மேட்டுக்கும் கல் கட்டுகிற வேலையை அவர் அந்தத் தோட்டத்தில்தான் செய்து பழகியிருந்தார். ரப்பர் போய், எண்ணெய்க்குச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்துவிட்டன. லயத்து வீடுகளில் இருந்த சனம் முழுக்க அடுக்குமாடிக்குப் போய்விட்டது. ஆற்றோரத்து இடுகாடு மட்டும் மிச்சம். இந்துக்களும் எங்களைப் போன்ற வேதக்காரர்களும் அங்கே கலந்துதான் கிடக்கிறோம். அவருடைய இளையவள் எட்டு வயதில் காய்ச்சலில் போனவள். எங்கள் அம்மாவின் குழிக்கு அடுத்த குழியைத் தாண்டினால் அவளுடையது.

ஆறு கரையைத் தின்றுகொண்டே வருகிறது, இன்னும் இரண்டு ஆள் நீளம்தான் இருக்கிறது, அடுத்த பெருமழைக்குப் பிள்ளை போய்விடும் என்றார். அழவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறு ஞாயிற்றுக்கிழமையே கரைக்குச் சுவர் கட்டத் தொடங்கினோம். அவர், நான், முனியாண்டி. பிள்ளையின் குழியைக் காட்டினார். எங்கள் அம்மாவுக்குச் சிமெண்டுச் சிலுவை இருந்தது. அந்தப் பிள்ளைக்குத் தலைமாட்டில் ஓர் ஆற்றுக் கல், இளநீர் அளவு, அவ்வளவுதான். புதைத்த அன்றைக்கு அக்காவே ஆற்றில் இறங்கி எடுத்து வைத்ததாம்.

ஞாயிறு ஞாயிறாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெரிய கற்கள் என் லாரியில் வந்தன. மிச்சத்தை அந்த ஆற்றிலேயே பொறுக்கினோம். ஆற்றுக் கல் உருண்டை. உருளும் என்று கல் கட்டுகிறவர்கள் தொடமாட்டார்கள். அவர் கைக்கு வந்ததை விட்டாரா? இரண்டு கோணல் கல்லுக்கு நடுவில் ஓர் உருண்டையை உட்கார வைத்து, அடியில் முனியாண்டியை விட்டுச் சில்லு செருகச் சொல்லி, ஏறி நின்று குதித்துப் பார்ப்பார். ஆடாது. மார்பு உயரத்துக்குச் சுவர் வந்து முடிந்த அன்றைக்கு, பிள்ளையின் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். நான் அவரை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் அக்கா சித்தியவானில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். மருமகளுக்குப் பிரசவம். நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் புல் வெட்டி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து வைப்போம். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார். அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு, கை கழுவ ஆற்றில் இறங்கித் திரும்பினால் எதிரே சுவர். மேடும் பள்ளமுமாக, இடுக்கு இடுக்காக, கறுப்பும் சாம்பலுமாக. லாரியில் ஒரு கட்டுமான இடத்தில் மிஞ்சிய சிமெண்டு கிடந்தது. அக்காவுக்கு நன்றிக்கடன் செய்ய இதைவிட நல்ல சமயம் ஏது என்று எனக்குத் தோன்றிவிட்டது. இடுக்கையெல்லாம் அடைத்து, மேலே நைசாகப் பூசி, வெள்ளையடித்து வைத்தால் வந்து பார்த்து அசந்துபோவார் லா.

"அக்கா வரட்டும்ணே" என்றான் முனியாண்டி.

உனக்கென்ன தெரியும், கலவையைக் குழை என்றேன்.

ஒரு இடுக்கு விடாமல் அடைத்தேன். சாமியார் வந்தார், சுவரைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். அடுக்குமாடியிலிருந்து வந்த சனமெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. நானும் ஒரு படம் எடுத்து அக்கா மகனின் கைப்பேசிக்கு அனுப்பினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கிவிட்டார். அழகைப் பார்க்கத்தான் ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் நான்.

ராத்திரி மழை பெய்திருந்தது. அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். அந்தக் கோடி வரை வைத்துக்கொண்டே போனார். கை ஈரமாகவில்லை.

"வேர்க்கலியே. தண்ணி எங்க போவும் தம்பி?"

இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்றேன். அவர் தலையாட்டினார். தண்ணீர் மண்ணுக்குள் நின்று சுவரை முதுகில் தள்ளும், ஓட்டை பற்றாது, பூசியது பூராவும் நோண்டி எடுக்க வேண்டும், இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று அத்தனை பேர் மெச்சிய சுவர். நான் முழங்கை தேய்ந்து பூசிய பூச்சு. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னேன்.

"செத்துப் போனவங்களுக்கு என்னாக்கா அவசரம்?"

ஒரு தாயைப் பார்த்துச் சொன்னேன், அவள் பிள்ளையின் தலைமாட்டில் நின்றுகொண்டு. அவர் முனியாண்டியிடம் உளியைக் கேட்டார். நான் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து நாள் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தினமும் உளியும் சுத்தியலுமாக நோண்டுகிறார்கள் என்று காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மூன்று பேருடைய வேலை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. பிறகு விடாத மழை, மூன்று நாள். நான்காம் நாள் காலையில் முனியாண்டி போன் செய்தான். வாங்கண்ணே என்று மட்டும் சொன்னான்.

ஆற்றின் மேல்போக்கில், அவர்கள் நோண்டி முடித்த பாதிச் சுவர் அப்படியே நின்றது. இடுக்கு இடுக்காக வேர்த்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. ஆறு போகிற பக்கத்துப் பாதி இல்லை. என் வெள்ளைப் பூச்சு பாளம் பாளமாக ஆற்றில் கிடந்தது. எங்கள் அம்மாவின் சிலுவை இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு அடுத்த குழி வரைக்கும் மண் இருந்தது. அதற்கப்புறம், பிள்ளை இருந்த இடத்தில், வெறும் வெளி.

மேல் பக்கத்திலிருந்து, எங்கள் அம்மா இருந்த பக்கத்திலிருந்து, நோண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஏன் அக்கா, பிள்ளை பக்கம் தொடங்கலாமே என்று முனியாண்டி கேட்டானாம். மேலேதான் முதலில் தண்ணீர் இறங்கும் என்றாராம். அது ஒன்றுதான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை, இவ்வளவு நீள வாய் இருந்தும்.

அக்கா ஆற்றில் நின்றுகொண்டிருந்தார், முழங்காலுக்கு மேல் கலங்கல் தண்ணீரில். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் கீழே வைத்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். புள்ள தலமாட்டுக் கல்லைத் தேடுறாங்கண்ணே, விடியக்காலத்துலேருந்து, என்றான் முனியாண்டி.

நானும் இறங்கினேன். சுவரில் முக்கால்வாசி அந்த ஆற்றுக் கல்தான், அந்தச் சுவரில் பாதி இப்போது ஆற்றில். எல்லாம் உருண்டை, எல்லாம் சாம்பல், அதில் பாதிக்குப் பாதி இளநீர் அளவு. எப்படி இருக்கும் அக்கா, ஏதாவது அடையாளம் சொல்லுங்கள் என்றேன்.

"எல்லாக் கல்லையும் பாத்தேன் தம்பி. அத மட்டும் நான் சரியாப் பாக்கலியே. அங்க போனாலே கண்ணு மறைச்சிரும்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தார். உச்சி வெயில் ஏறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போன பிறகு, ஒரு கல்லை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இதுவா பாரு தம்பி."

அந்தப் பிள்ளையின் கல்லை நான் ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் தாண்டிப் போயிருக்கிறேன். அதன்மேல் சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இதுதான்க்கா" என்றேன்.

அவர் கல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்லைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கரை ஏறினார். பின்னாலேயே போனேன். ஏறும்போது கல்லின் அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேராக வந்தது. அதில் நகம் அளவுக்குச் சிமெண்டு ஒட்டியிருந்தது, மேலே வெள்ளை அடித்திருந்தது. நான் பூசியது. சுவரில் இருந்த கல் அது. அவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

எங்கள் அம்மாவின் சிலுவைக்குப் பக்கத்தில் அதை வைத்து, சுற்றிச் சின்னக் கல்லாக நான்கு செருகினார். விழுந்த பாதியை அடுத்த வருஷம் மூன்று பேருமாகத் திரும்பக் கட்டினோம். நான் பின்னால் உட்கார்ந்து பாக்குக் கல் செருகினேன், ஒவ்வொன்றாக. சிமெண்டைப் பற்றியோ அன்றைக்கு நான் பேசியதைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகன் சாம்பலை லூமுட் கடலில் கரைத்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் நானும் முனியாண்டியும் போகிறோம். புல் வெட்டுகிறோம். மழை பெய்திருந்தால் சுவரில் கை வைத்துப் பார்க்கிறோம். அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடிப்பேன். அந்தக் கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன், அவ்வளவுதான். போன தடவை முனியாண்டி உளியை எடுத்து அந்தச் சிமெண்டைத் தட்டி எடுத்துவிடவா என்று கேட்டான். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன்.